குளநாட்டிலே மூன்று நாள்

திருகோணமலை என்றதும் எவர் மனத்திலும் முதலில் எழுவது கடலே. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று அங்கே இருக்கின்றது. அதன் அருகே கோணேசர் மலை நிற்கின்றது. இவ்விரண்டையும் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. ஆயின் அக்கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்டி வீதியில் தென்மேற்கே சிறிது தூரம் சென்றால் வேறொரு நாடு தொடங்குகின்றது. அங்கும் நீர் உண்டு, ஆனால் உப்பு இல்லை. அங்கும் அலை உண்டு, ஆனால் அது மண்கட்டில் வந்து மெல்லத் தட்டிவிட்டுத் திரும்பும் அலை. அந்தக் குளநாட்டை மூன்று நாட்களில் துவிச்சக்கர வண்டியிலே சுற்றிவந்த கதையையே இங்கே வாசகர்களுக்குச் சொல்லப் புகுகின்றோம்.

இங்கிலாந்தின் வடமேற்கில் ‘ஏரி நாடு’ என்று ஒரு பகுதி இருப்பதைப் பள்ளிப் பிள்ளைகள் படித்திருப்பார்கள். கவிஞர் வேர்ட்ஸ்வேர்த் வாழ்ந்த பூமி அது. அவ்வேரிகளைக் குடைந்தவை பண்டைக் காலத்துப் பனியாறுகள். நம் நாட்டின் உலர் வலயத்துப் பெருங்குளங்களோ மனிதன் மண்சுமந்து கட்டியவை. இயற்கை வைத்த ஏரியைப் பார்த்து மகிழ்ந்தால் போதும்; மனிதன் கட்டிய குளத்தைக் காவலும் செய்யவேண்டும். இந்த வேறுபாடு எத்துணைப் பெரிது என்பது எங்களுக்குக் கந்தளாயிலே விளங்கிற்று.

நாங்கள் எழுவர். கணித ஆசிரியர் ஒருவர், சைக்கிள் திருத்தும் கடை வைத்திருப்பவர் ஒருவர், வங்கி எழுதுவினைஞர் இருவர், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் ஒருவர், உயர்தர வகுப்பு மாணவர் இருவர். ஆசிரியருக்கு ஐம்பத்து நான்கு வயது. எங்கள் எல்லாருக்கும் அவர் ‘சேர்’தான். வண்டிகளில் ஆறு, நம் ஊர்களில் மீன்காரரும் தபால்காரரும் ஓட்டுகின்ற சாதாரண வண்டிகள். ஏழாவது, மாணவன் ஒருவனுடைய பல கியர் வைத்த புதுவகை வண்டி. அது பட்ட பாட்டைப் பின்னர்ச் சொல்வோம்.

புறப்பட்டது மாசி மாதம். இந்தப் பக்கத்துக் காற்றை அறிந்தவர்களுக்கு அதன் காரணம் தெரியும். வைகாசி தொடங்கிப் புரட்டாசிவரை கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடுப்படி அனல்போல வீசும். திருகோணமலையிலிருந்து கந்தளாய் செல்பவன் அதை முகத்திலேயே வாங்கவேண்டும். அப்போது பத்துக் கட்டை மிதிப்பது இருபது கட்டை மிதிப்பதற்குச் சமம். கார்த்திகை, மார்கழியிலோ வடகீழ்ப் பருவமழை. மாசியில் மழை ஓய்ந்திருக்கும், குளங்கள் நிறைந்திருக்கும், பெரும்போக நெல் முற்றி அறுவடையை நோக்கிச் சாய்ந்திருக்கும். வெயில் உண்டுதான். ஆகையால் காலை ஐந்து மணிக்கு மிதிக்கத் தொடங்குவது, பத்தரைக்கு மரநிழலில் ஒதுங்குவது, மூன்றரைக்கு மீண்டும் தொடங்குவது என்று சேர் ஒரு நேரசூசி வகுத்தார். பள்ளிக்கூட மணி அடிக்காத குறைதான்.

கப்பல்துறை

நகரைத் தாண்டிச் சீனக்குடாப் பக்கம் திரும்பும் இடத்தில் எண்ணெய்க் குதங்களின் நினைவு வராமல் போகாது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் பிரித்தானியர் தம் கடற்படைக்காகக் கட்டிய பெரிய உருக்குக் குதங்கள் அவை; காடு மூடிய நிலத்தில் வரிசை வரிசையாய் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது இப்பகுதியும் தப்பவில்லை. அதே நாளில்தான் மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. பிரித்தானியக் கடற்படைத்தளம் 1957இல் இலங்கையின் கைக்கு வந்தது.

கண்டி வீதியிலே நேராகச் சென்று கப்பல்துறையை அடைந்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது. பெயரிலே கப்பலும் இருக்கின்றது, துறையும் இருக்கின்றது. வீதியிலே செல்பவன் கண்ணுக்கோ மரங்களும் வீடுகளும் கட்டிக்கிடக்கும் ஆடுகளுமே தென்படும். மாணவர் இருவரும் கப்பல் எங்கே, துறை எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். தேநீர்க் கடைக்காரர் பதிலே சொல்லாமல் ஏழு பிளேன்ரீயை ஊற்றி வைத்தார். சுடச்சுடப் பாணும் சம்பலும் அங்கே கிடைத்தன. பயணத்தின் முதல் உணவு எப்போதுமே சுவைதான். ஆனால் அந்தச் சம்பலைப் பற்றி மூன்றாம் நாளும் பேசினோம் என்பதையும் இங்கே பதிந்துவைக்கின்றோம்.

அங்கிருந்து தம்பலகாமம். இருபுறமும் வயல். நெற்கதிரின் நிறம் மாறுவதைக் காரில் செல்பவன் காணமாட்டான். நடந்து செல்பவன் களைத்துப்போவான். சைக்கிளின் வேகமே அதற்கு அளவானது. ஒரு பக்கத்து வயல் பச்சையாகவே இருக்க, அடுத்தது பொன்னாகியிருந்தது. தண்ணீர் முன்னே பெற்ற வயலும் பின்னே பெற்ற வயலும் அவை என்று சைக்கிள் கடைக்காரர் விளக்கினார். அவருடைய பாட்டனார் இந்தப் பக்கத்து வட்டவிதானையாராக இருந்தவராம். எந்த வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று தீர்க்கின்ற பதவி அது.

தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயில் இந்த வயல்களின் நடுவே எழுந்து நிற்கின்றது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தனர். அப்போது அடியார்கள் மறைத்துக் காத்த மூர்த்தங்கள் பின்னர் இங்கே எழுந்தருளின என்பது வழிவழியாக வரும் செய்தி. கடற்கரையில் மண்ணுள் புதைந்த வேறு சில செப்புத் திருமேனிகள் 1950இல் கிணறு வெட்டும்போது வெளிப்பட்டன. 1963இல் கோணேசர் கோயில் புதுக்கிக் குடமுழுக்குச் செய்யப்பட்டது. கோயிலுக்கும் வயலுக்கும் குளத்துக்கும் உள்ள உறவைச் சொல்லும் நூல் கோணேசர் கல்வெட்டு. குளக்கோட்டு மன்னன் கோயிலைத் திருத்தி, அதன் பூசைக்கு நெல் விளையும் பொருட்டுக் கந்தளாய்க் குளத்தையும் கட்டினான் என்பது அம்மரபு. மகாவம்சம் கூறும் மரபு வேறு. அதன்படி கந்தளாய்க் குளம் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியின் பணி. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு அதைத் திருத்தினான். இரண்டு மரபினரும் தம்முடையது என்று உரிமை பாராட்டும் குளம் அது. எங்கள் அபிப்பிராயத்தில் ஒரு குளத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியதில்லை.

கட்டின்மீது

மாலை நான்கரைக்குக் கந்தளாய்க் குளக்கட்டில் ஏறினோம். நாற்பது கிலோமீற்றர் அளவு மிதித்த களைப்பு ஒரு நொடியிலே போயிற்று. மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நீர். அப்பால் மங்கலான மலை. நீரின் நடுவே பட்டமரங்களில் நீர்க்காகங்கள் சிறகு விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. கட்டின் நீளம் நான்கு கிலோமீற்றருக்கு மேல். உயரம் ஏறத்தாழ 15 மீற்றர். குளம் நிறைந்தால் 13 கோடி கன மீற்றருக்கு மேற்பட்ட நீர் நிற்கும். மழை மட்டும் இதை நிரப்புவதில்லை. மாத்தளை மலைகளின் பக்கமிருந்து வரும் அம்பன் கங்கையின் நீரைப் பண்டைக் காலத்தவர் எலகெரவில் திருப்பி, மின்னேரியா வழியாகக் கால்வாயில் இவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கின்றனர்.

ஊரின் பெயருக்கு இங்கே ஒரு கதை சொல்வார்கள். பார்வை இழந்த கயவாகு மன்னனுக்கு இவ்விடத்திலே கண் தழைத்தது. ஆகையால் கண்தழை, கந்தளாய் ஆயிற்றாம். சொல்லாராய்ச்சியைவிடக் கதைச்சுவையே மிகுந்த விளக்கம்! கல்லிலே வெட்டிய சான்றும் உண்டு. அயலிலுள்ள பாலமோட்டையில் கிடைத்த 11ஆம் நூற்றாண்டு இறுதிக்காலத் தமிழ்க் கல்வெட்டு இவ்வூரை விசயராச சதுர்வேதி மங்கலம் என்கின்றது. நங்கைசானி என்னும் பிராமணப் பெண், இறந்த தன் கணவனின் பொருட்டுச் சிவன் கோயிலுக்குச் செய்த கொடையைக் கூறுவது அது. அரசர் பெயர்கள் நிறைந்த இப்பிரதேசத்து வரலாற்றில் ஒரு கைம்பெண்ணின் பெயர் நிலைத்தது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.

துருசின் அருகே சேர் மாணவர்களை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். பத்து மீற்றர் ஆழத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நீர் எவ்வளவு பாரமாய் அழுத்தும்? உள்ளங்கையை நூறு சதுர சென்ரிமீற்றர் என்று கொண்டால் நூறு கிலோ, அதாவது இரண்டு மூட்டை நெல். குளம் எவ்வளவு அகலம் என்பது கணக்கில் வராது. ஆழம் ஒன்றே கணக்கு. இந்த அழுத்தத்தோடு நீரை நேரே வாய்க்காலுக்குள் விட்டால் கட்டையே அரித்துவிடும். அதனால்தான் பண்டைக் கட்டுநர் கட்டுக்குள்ளே கல்லால் ஒரு சதுரக் கிணறு அமைத்து, நீரின் வேகத்தை அதிலே கட்டுப்படுத்திப் பின்னர் வெளியே விட்டார்கள். சிங்களத்தில் ‘பிசோகொட்டுவ’ என்பர். நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட தமது நூலில் இதை வியந்து எழுதியிருக்கின்றார்.

கட்டின் கீழே தேநீர்க் கடை வைத்திருக்கும் முதியவர் ஒருவர் எங்கள் வண்டிகளைக் கண்டு அழைத்தார். “எங்க இருந்து வாறீங்க தம்பிமாரே? சைக்கிள்லயா?” என்று இரண்டு முறை கேட்டார். பேச்சு 1986க்குப் போயிற்று. போகாமல் இராது, அவ்வூரில் எல்லாப் பேச்சும் கடைசியில் அங்கேதான் போகுமாம்.

1986 ஏப்ரல் 20ஆம் நாள், புத்தாண்டு கழிந்து ஒரு வாரம். விடியுமுன், ஊர் உறங்கும் நேரத்தில் கட்டு உடைத்துக்கொண்டது. நூற்று இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறத்தாழ 1,600 வீடுகள் அழிந்தன. 2,000 ஏக்கர் அளவு நெல்வயல் மணலாயிற்று. “தண்ணி வாற சத்தம் ரயில் வாற மாதிரி இருந்திச்சு தம்பி. ரயில் நேரம் இல்லையேன்னு யோசிச்சேன். அவ்வளவுதான் யோசிக்க நேரம் இருந்திச்சு” என்றார் முதியவர். மரமொன்றில் ஏறித் தப்பியவர் அவர். விடிந்தபின் இறங்கிப் பார்த்தபோது தம் வீட்டுக் கிணறு எங்கே இருந்தது என்றுகூட அடையாளம் தெரியவில்லையாம். அதற்கு மேலே அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

மண்கட்டு எப்படி உடையும்? நீர் மேலே வழிந்தால் உடையும். இந்தியாவில் குஜராத் மாநிலத்து மோர்பி நகரை 1979 ஆகஸ்ட் 11இல் அழித்த மச்சு அணை பெருவெள்ளத்தில் அப்படி உடைந்ததே. இன்னொரு வகை வெளியே தெரியாது. கட்டின் உள்ளே எறும்புப் புற்றளவு வழி கிடைத்தால் போதும், கசியும் நீர் நுண்மண்ணைத் தன்னோடு இழுத்துச் செல்லும், வழி அகலும், அகன்ற வழியில் நீர் கூடும், கூடிய நீர் இன்னும் மண்ணை இழுக்கும். கசிந்து வெளிவரும் நீர் தெளிந்திருந்தால் அச்சம் குறைவு, கலங்கி வந்தால் ஓடவேண்டும் என்பது பொறியியலாளர் பாடம். கந்தளாய்க் கட்டின்மேல் கனரக வாகனங்கள் ஓடியதும் உடைப்புக்கு ஒரு காரணம் என்று அக்காலத்தே பேசப்பட்டது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மாட்டுவண்டியும் யானையும் நடக்கக் கட்டிய மண் அது. லொறியின் பாரத்தை அதனிடம் கேட்பது நியாயமா என்று மருந்துக் கடைக்காரர் கேட்டதற்கு எவரும் விடை சொல்லவில்லை. கட்டைப் பின்னர்த் திருத்திக் கட்டினார்கள். இப்போது குளம் பழையபடி வயலுக்கு நீர் தருகின்றது.

தம்பலகாமத்தாரிடையே இக்கட்டின் பொருட்டு வேள்வி செய்யும் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. இளைஞர்கள் அதை மூடநம்பிக்கை என்று சிரிப்பதுண்டு. கட்டை ஒரு தடவை ஊரே கூடி ஏறி இறங்கிப் பார்ப்பதற்கு அது ஒரு சாக்காக இருந்திருக்குமே என்பது சைக்கிள் கடைக்காரரின் வாதம். சேர் அதற்குத் தலையசைத்தார்.

யானை வழி

இரண்டாம் நாள் கந்தளாயிலிருந்து கிழக்கே சேருநுவர நோக்கித் திரும்பினோம். வெண்டரசன்குளத்துப் பக்கம் காடும் குளமும் வயலும் மாறிமாறி வரும் வீதி. யானைகள் குளத்துக்கு நீர் குடிக்க வரும் நேரமும் மனிதர் வீதியில் செல்ல விரும்பும் குளிர்ந்த நேரமும் ஒன்றே, தொல்லை அங்கேதான். ஐந்து மணிக்கே புறப்பட மாணவர்கள் துடித்தார்கள். தங்கிய வீட்டுக்காரர் அனுமதிக்கவில்லை. “ஏழு மணிக்கு முன்னால கேற்றைத் திறக்கமாட்டன்” என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். வெளிச்சம் நன்கு பரவியபின் ஒன்றாகச் சேர்ந்தே சென்றோம். வீதியில் ஆவி பறக்கும் யானைச் சாணமும், முறிந்து கிடந்த பாலைக் கிளையும் கண்டோம். வீட்டுக்காரருக்கு ஏழு பேரும் மனத்துக்குள் நன்றி கூறினோம்.

யானையைக் குறைகூறவும் மனம் வரவில்லை. குளம் வெட்டிக் குடியேறிய மனிதனே அதற்குக் கோடையிலும் வற்றாத நீரைக் காட்டிக்கொடுத்தவன். இன்று வேலியும் மின்கம்பியும் இடுகின்றான். நெல்லை இழந்த குடியானவனின் துயரமும் மெய். இரவிரவாய் மரத்துப் பரணில் விழித்திருந்து, பகலில் அறுவடை செய்யும் குடும்பங்களை அவ்வழியிலே கண்டோம். தகப்பனார் பரணில் உறங்க, தாயும் பிள்ளைகளும் கதிர் அறுத்துக்கொண்டிருந்தனர்.

புதுவகை வண்டி அங்கேதான் மக்கர் செய்தது. மணல் புகுந்து கியர் மாற்றும் கை வளைந்து, செயின் நழுவி நழுவி விழுந்தது. வழியிலிருந்த கடையில் அதற்குரிய பாகம் இல்லை, இருக்கவும் நியாயமில்லை. எங்கள் சைக்கிள் கடைக்காரர் வீதியோரத்தில் குந்தி, செயினில் சில கண்ணிகளைக் கழற்றிச் சுருக்கி, ஒரே பல்லில் பூட்டி அரைமணி நேரத்தில் ஓட வைத்துவிட்டார். இருபத்தொரு கியர் ஒரு கியர் ஆயிற்று. அதன்பிறகு அவ்வண்டி ஒருமுறைகூட முனகவில்லை. யாத்திரை செய்ய எண்ணும் மாணவர்கள் ஒட்டுப்போடும் சாமான், பம், ஒரு மேலதிக ரியூப், செயின் கழற்றும் கருவி இவற்றையேனும் எடுத்துச் செல்க. ஆளுக்கு மூன்று போத்தல் தண்ணீர் அதிகமன்று.

ஆற்று முகம்

சேருவிலவின் பழைய தாதுகோபத்தை வணங்கி, மூதூர் வீதியில் வடக்கே திரும்பினோம். இப்பக்கத்து வயல்களுக்கு நீர் தருவது மாவிலாறு. 2006 ஜூலையில் அதன் துருசு மூடப்பட்டு, குடிக்கவும் பயிர் செய்யவும் நீரின்றி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவித்தன. அதைத் திறப்பதற்கென்று தொடங்கிய சண்டை, மூதூரையும் எரித்து, 2009 வரை ஓயாத போராய் மூண்டது. துருசு என்பது ஓர் இரும்புப் பலகைதான். எங்களுள் இருவரின் குடும்பத்தார் அந்நாட்களில் மூதூரிலிருந்து கைப்பையோடு நடந்தவர்கள். அந்த வீதியில் நாங்கள் அதிகம் பேசாமலே மிதித்தோம்.

மூதூரில் நண்பரின் மாமி வீடு. “வாங்க மகன், முதல்ல தண்ணி குடிங்க, பிறகு கதைக்கலாம்” என்று வரவேற்ற அம்மையார், ஏழு பேருக்கும் ஆற்றுமீன் குழம்பும் சோறும் படைத்தார். கொட்டியாரக் குடாவின் கரை இது. 1660இல் இங்கே ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலிலிருந்து சிறைபிடிக்கப்பட்டவரே றொபேட் நொக்ஸ். கண்டியரசில் பத்தொன்பது ஆண்டு சிறையிருந்து தப்பி, 1681இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ‘றொபின்சன் குரூசோ’ எழுதிய டீஃபோவுக்கு அந்நூல் தூண்டுதலாயிற்று என்று கருதுவோர் உளர்.

மூன்றாம் நாள் மகாவலியின் கிளைகளைக் கடந்தோம். நாட்டின் மிக நீண்ட ஆறு இங்கே பல வாயாய்ப் பிரிந்து கடலோடு சேர்கின்றது. முன்னாளில் மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை செல்பவன் துறைக்குத் துறை இறங்கிப் பாதை எனப்படும் மிதவைக்காகக் காத்திருப்பான். பாதைக்காரன் மதிய உணவுக்குப் போயிருந்தால் பயணியின் விதி அவ்வளவுதான். இப்போது இறால்குழி, உப்பாறு, கங்கை என்று பாலங்கள் வந்துவிட்டன. கிண்ணியாப் பாலம் 2009 அக்டோபரில் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். அதன்மீது ஏறுகையில் ஒரு பக்கம் தம்பலகாமக் குடா. மறுபக்கம் கொட்டியாரக் குடா. கண்ணாடிபோல் மெல்லிய ஓடுடைய சிப்பி தம்பலகாமக் குடாவில் விளையும். அதன் சிறு முத்துக்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் இங்கே சிப்பிகுளிப்பு நடந்திருக்கின்றது.

பாலத்தைக் கடந்ததும் குறிஞ்சாக்கேணியின் நினைவு வந்தது. அங்கே பாலவேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், 2021 நவம்பர் 23ஆம் நாள் காலை, மக்களை ஏற்றிச் சென்ற மிதப்புப் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உள்ளிட்டோர் நீரில் மூழ்கி மாண்டனர். அகலமான நீர்கூட இல்லை. பள்ளி மணிக்கு முன் அக்கரை சேரவேண்டும் என்று ஏறிய பிள்ளைகள் அவர்கள்.

மாலை ஐந்து மணியளவில் பாலத்தடியில் வண்டிகளைச் சாய்த்துவிட்டு இறங்கிக் கால் நனைத்தோம். வலை இழுத்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் எங்கிருந்து வருகின்றீர்கள் என்றார். கந்தளாய்க் குளம் பார்த்து வருகின்றோம் என்றோம். “வான் பாயுதா?” என்று கேட்டார். இல்லை, இன்னும் இரண்டடி இருக்கின்றது என்று சேர் கூற, அவர் சிறிது நேரம் கணக்குப் போட்டுவிட்டு, அப்படியானால் இந்த மாதம் குடாவில் நன்னீர் கலக்காது, இறால் இங்கேயே நிற்கும் என்று சொல்லி மறுபடி வலையை இழுக்கத் தொடங்கினார்.